எள்ளுத்தாத்தாவின் பெயர் என்ன?

வேரைத் தேடும் இளைஞர்களுக்கு ஒரு பாடம்

போன வருஷம் ஆடி அமாவாசை. விடியற்காலை அப்பாவும் நானும் சுங்கை பட்டாணியிலிருந்து பந்தாய் மெர்டேக்கா கடற்கரைக்குப் போயிருந்தோம். தாத்தா இறந்த பிறகு அப்பா தவறாமல் தர்ப்பணம் கொடுக்கிறார். அன்றைக்கு வந்திருந்த குருக்கள் புதியவர். எள்ளும் தண்ணீரும் கையில் கொடுத்துவிட்டு முறையாகக் கேட்டார்.

"அப்பா பேரு?"

அப்பா சொன்னார்.

"தாத்தா பேரு?"

சொன்னார்.

"கொள்ளுத்தாத்தா பேரு?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். "தெரியல சாமி" என்றார். குருக்கள் கோபிக்கவில்லை. "பரவாயில்ல, மனசுல நினைச்சுக்கிட்டு விடுங்க" என்றார். பேரும் தெரியாது, முகமும் தெரியாது. எதை நினைப்பது? அப்பா கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரை விட்டார்.

காரில் திரும்பி வரும்போது அப்பா ஒன்றும் பேசவில்லை. கெடா கால்பந்துக் குழுவின் பழைய ஆட்டக்காரர்கள் பதினொரு பேரையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கிற மனுஷன் அவர். தன் தாத்தாவின் அப்பா பேர் தெரியவில்லை. அவருக்குக் கொள்ளுத்தாத்தா என்றால் எனக்கு எள்ளுத்தாத்தா. பழைய தமிழ் முறையில் பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று எண்ணினால் அவர் என் ஓட்டன்.

அந்த ஓட்டனைத் தேடிப் போன கதைதான் இந்தக் கட்டுரை. கதையாக மட்டும் படிக்காதீர்கள். நீங்களும் உங்கள் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய மாதிரி படிப்படியாக எழுதியிருக்கிறேன். நான் பொறியியல் மாணவன். வரலாறு படித்தவன் இல்லை. ஆனால் இயந்திரம் பழுதானால், தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்கு ஒவ்வொரு படியாகப் போகணும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கேயும் அதே முறைதான்.

முதலில் கொஞ்சம் வரலாறு

கெடா 1909 வரை சயாமின் மேலாதிக்கத்தில் இருந்த மாநிலம். அந்த ஆண்டு ஆங்கிலேயருக்கும் சயாமுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் அது பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குள் வந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் தென் கெடாவில், குறிப்பாகக் கூலிம், கோல மூடா வட்டாரங்களில், காடு காடாக வெட்டி ரப்பர் நட்டார்கள். கரும்புத் தோட்டத்துக்குத் தமிழர்கள் வந்தது அதற்கும் முந்தியது. ஆனால் அது பெரும்பாலும் பக்கத்திலுள்ள பினாங்கு மாநிலத்துப் பெருநிலப் பகுதியில். ஆகவே கெடாவின் ரப்பர் தோட்டத்தில் உங்கள் குடும்பம் வேரூன்றியிருந்தால், முதலில் வந்தவர் பெரும்பாலும் 1900-க்கும் 1938-க்கும் இடையில் வந்திருப்பார்.

ஏன் 1938? அந்த ஆண்டில்தான் இந்திய அரசாங்கம், பிறர் செலவில் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. அதற்கு முன்பு இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று, ஒப்பந்தக் கூலி முறை. சஞ்சிக்கூலி என்று நம் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். 1910-இல் அந்த முறையில் ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. இன்னொன்று கங்காணி முறை. தோட்டத்து ஆள் ஒருவரே அனுமதிச் சீட்டோடு சொந்த ஊருக்குப் போய்த் தெரிந்தவர்களையும் சொந்தக்காரர்களையும் கூட்டி வருவார். இந்தக் கங்காணி முறையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நமக்கு உதவப் போகிறது.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். நம்முடைய குடும்பக் கதைகள் எல்லாம் கப்பலில்தான் ஆரம்பிக்கும். "தாத்தா கப்பலேறி வந்தாரு" என்பதுதான் முதல் வரி. அதற்கு முன்னால் ஒரு பக்கம்கூட இல்லாத மாதிரி! ஆனால் கப்பல் ஏறிய அந்தப் பையனுக்கு ஓர் அப்பா இருந்தார். அவர் கப்பல் ஏறவில்லை. ஊரிலேயே மண்வெட்டியோடு நின்றுவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த அந்த விவசாயிதான் நாம் மறந்த ஆள்.

முதல் படி: பெரியவர்களிடம் கேளுங்கள்

காகிதம் காத்திருக்கும், மனுஷர் காத்திருக்க மாட்டார். ஆகவே முதலில் வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் போங்கள். என் தாத்தாவின் தங்கை, அதாவது என் பாட்டி முறை, பீடோங் பக்கம் ஒரு தாமானில் இருக்கிறார். தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர். வயசு எண்பதை நெருங்குகிறது.

நான் செய்த முதல் தப்பு, "பாட்டி, நம்ம குடும்ப வரலாறு சொல்லுங்க" என்று கேட்டது. "எனக்கென்னய்யா தெரியும், நான் படிக்கலையே" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விட்டார். இரண்டாவது தடவை வேறு மாதிரி கேட்டேன். "உங்க அப்பாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் பாட்டி?" அவ்வளவுதான். ஒரு மணி நேரம் பேசினார். கம்பங்கூழ் இங்கே கிடைக்கவில்லை என்று அவருடைய அப்பா சாகிற வரைக்கும் குறைபட்டுக்கொண்டாராம். பேச்சு அப்படியே ஊருக்குப் போனது.

"எந்த ஊரு பாட்டி?"

"திருச்சி ஜில்லானு சொல்லுவாரு. பாறை மேல கோட்டை இருக்குமாம்."

எங்கள் வீட்டில் எல்லாரும் இதை வைத்துத்தான் "நாங்க திருச்சி, மலைக்கோட்டைப் பக்கம்" என்று சொல்லி வந்திருக்கிறோம். நானும் எழுதிக்கொண்டேன். பிறகு பாட்டி, காப்பிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக இன்னொன்று சொன்னார்.

"எங்க ஊரு சாமிக்குக் கூரையே கிடையாது, வெயில்லயும் மழையிலயும் நின்னுக்கிட்டு இருக்கும்னு சொல்லுவாரு. மாசி மாசம் பெரியண்ணசாமிக்குப் பொங்கல் வைப்பாரு. தோட்டத்துல நாங்க ஒரு வீடுதான் அந்தச் சாமியக் கும்பிடுறது."

இதன் மதிப்பு அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை, கைப்பேசியில் பதிவு செய்திருந்தேன். பாடம் இதுதான்: எது முக்கியம் என்று நீங்கள் முடிவு பண்ணாதீர்கள். எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி: பிஸ்கட் டின்

நம் வீடுகளில் பழைய காகிதம் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில்தான் இருக்கும். அலமாரியின் மேல் தட்டில், சாமிப் படத்துக்குப் பின்னால் தேடுங்கள். பிறப்புச் சூராட், பழைய ஐசி, குடியுரிமைப் பத்திரம், இபிஎஃப் புத்தகம், பள்ளிக்கூடச் சான்றிதழ், மணியார்டர் ரசீது எதுவானாலும் சரி. நாட்டில் அடையாள அட்டைப் பதிவு 1948-இல் அவசரகாலத்தின்போது தொடங்கியது. இபிஎஃப் 1951-இல் வந்தது. ஆகவே இந்த ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடிருந்த தோட்டத் தொழிலாளர்கள் ஏதோ ஒரு காகிதத்தில் இருப்பார்கள். அந்தக் காகிதத்தில் இன்னாரின் மகன் அல்லது மகள் என்ற குறிப்பு இருக்கும். அதுதான் நமக்குக் கதவு. அதற்குப் பின்னால் இருப்பது ஒரு தலைமுறை மேலே உள்ளவரின் பேர்.

பாட்டி வீட்டு டின்னில் கொள்ளுத்தாத்தாவின் பழைய இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. 1953-இல் ஊரைப் பார்க்கப் போனபோது எடுத்தது. பிறந்த ஆண்டு 1908, பிறந்த இடம், அப்பா பேர் எல்லாம் ஆங்கிலத்தில். படிக்கப் படிக்க எனக்கு நெஞ்சு அடித்தது. எள்ளுத்தாத்தா பேர் கிடைத்துவிட்டது!

இல்லை, கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொல்வார், கிராணி காதில் விழுந்தபடி எழுதுவார். ல, ள, ழ மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. குறில் நெடில் தெரியாது. எள்ளுத்தாத்தாவின் பேரை மூன்று விதமாகப் படிக்கலாம், மூன்றும் நல்ல தமிழ்ப் பேர். ஊர்ப் பேரோ இன்னும் மோசம். கடைசியில் "பட்டி" என்பது மட்டும்தான் தெளிவு. தமிழ்நாட்டில் பட்டிகளுக்கா பஞ்சம்? ஜில்லா மட்டும் தெளிவாக "திருச்சிராப்பள்ளி" என்று இருந்தது.

இன்னொரு எச்சரிக்கை. கொள்ளுத்தாத்தா "ரஜூலா கப்பல்ல வந்தாரு" என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். எல்லார் வீட்டிலும் ரஜூலாதான். ஆனால் ரஜூலா 1926-இல் கட்டப்பட்ட கப்பல். அதற்கு முன்பு வந்தவர் அதில் வந்திருக்க முடியாது. பல வீடுகளில், பிற்காலத்தில் ஊருக்குப் போய்வந்த ரஜூலாப் பயணமும் முதல் பயணமும் ஞாபகத்தில் ஒன்றாகிவிட்டன. அதே மாதிரி "நாங்க நாகப்பட்டினம்" என்று சொல்பவர்களில் பலருக்கு அது சொந்த ஊர் இல்லை, கப்பல் ஏறிய ஊர். பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. ஞாபகம் அப்படித்தான் வேலை செய்யும். நாம்தான் சரிபார்க்கணும்.

மூன்றாம் படி: தமிழ் ஆண்டைக் கணக்கிடுங்கள்

பழைய ஆட்கள் 1876 என்று சொல்ல மாட்டார்கள். "தாது வருஷம்" என்று சொல்வார்கள். கல்லறைக் கல்லிலும், கோவில் கல்வெட்டிலும், பத்திரத்திலும் அப்படித்தான் இருக்கும். இதைக் கண்டு பயப்பட வேண்டாம். பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகள், பிறகு மறுபடியும் பிரபவ. பிரபவ ஆண்டு 1867 சித்திரையில் தொடங்கியது. பிறகு 1927-இல், பிறகு 1987-இல். தாது பத்தாவது ஆண்டு. 1867-உடன் ஒன்பதைக் கூட்டினால் 1876. அந்த ஆண்டு சித்திரை முதல் 1877 பங்குனி வரை தாது. அறுபது கழித்து 1936-லும் தாது வரும். எந்தச் சுற்று என்பதை மற்ற விவரங்களை வைத்து முடிவு செய்யணும்.

தாதுவை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பிடித்து உலுக்கிய பெரும் பஞ்சத்துக்கு மக்கள் வைத்த பேர் தாது வருஷப் பஞ்சம். மழை பொய்த்தது ஒரு காரணம். தானிய விலை எட்டாத உயரத்துக்குப் போனதும், அந்த நேரத்திலும் துறைமுகம் வழியாகத் தானியம் வெளியே ஏற்றுமதியானதும் மற்ற காரணங்கள். நிவாரண வேலையில் கல் உடைத்தவருக்கு ஒரு கட்டத்தில் நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும்தான் கூலி. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. லட்சக்கணக்கானோர் செத்தார்கள். சேலம் ஜில்லா மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று. வறண்ட நிலத்துச் சிறு விவசாயி மாட்டை விற்றார், விதையைத் தின்றார், கடன் வாங்கினார். அந்தக் கடன் பிள்ளைகள் தலையிலும் விழுந்தது.

நான்காம் படி: ஊரைக் கண்டுபிடியுங்கள்

திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் "பட்டி"களைத் தேடித் தேடி நான் ஒரு செமஸ்டர் விடுமுறையையே வீணாக்கினேன். வரைபடத்தில் பேர் கொஞ்சம் ஒத்துப்போகும். ஆனால் பெரியண்ணசாமியும் கூரையில்லாத சாமியும் பொருந்தாது.

வழி திறந்தது கங்காணி முறையால். கங்காணி தன் ஊரிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும்தான் ஆள் கூட்டி வருவார். அப்படியானால் ஒரே லயத்தில் இருந்தவர்கள் பலர் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களாக இருக்கணும். நம் வீட்டு ஊர் தெரியாவிட்டால், அடுத்த வீட்டு ஊரைக் கேட்கலாமே! பாட்டியிடம் கேட்டேன். தோட்டத்தில் அடுத்த வீட்டில் இருந்தவர்களின் பேரன் இப்போது கூலிமில் பட்டறை வைத்திருக்கிறார். போய்ப் பார்த்தேன். கை எல்லாம் கிரீஸ். துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஒரே கங்காணி கூட்டிட்டு வந்தவங்கதான் தம்பி, உங்க பாட்டனும் எங்க பாட்டனும். நாங்க நாமக்கல்."

நாமக்கல்! அங்கே ஊர் நடுவில் ஒரே பாறை. பாறை மேல் கோட்டை. அடியில் நரசிம்மர் கோவில். அவருக்கு நேர் எதிரே பதினெட்டு அடி ஆஞ்சநேயர், தலைக்கு மேல் கூரை இல்லாமல் வெட்டவெளியில் நிற்கிறார். மேலே கொல்லிமலையில் மாசி பெரியண்ணசாமி. பாட்டி சொன்ன எல்லாம் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தது. நாங்கள் மூன்று தலைமுறையாக நினைத்த மலைக்கோட்டை வேறு, கொள்ளுத்தாத்தா சொன்ன கோட்டை வேறு.

அப்படியானால் பாஸ்போர்ட்டில் ஏன் திருச்சிராப்பள்ளி? நாமக்கல் தாலுக்கா சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆனால் 1910-இல் அதைத் திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு சேர்த்தார்கள். 1929-இல் மறுபடியும் சேலத்துக்கே மாற்றினார்கள். 1997-இல் நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. கொள்ளுத்தாத்தா புறப்பட்டது 1926-இல். அவர் ஊரை விட்ட அன்று அது திருச்சிராப்பள்ளி ஜில்லாதான். பிறகு மாறியது அவருக்குத் தெரியாது. 1953-இல் கேட்டபோதும் பதினெட்டு வயசில் தெரிந்த முகவரியையே சொல்லியிருக்கிறார்.

ஆகவே நண்பர்களே, பழைய ஜில்லா பேரை இன்றைய வரைபடத்தில் தேடாதீர்கள். அவர் புறப்பட்ட ஆண்டில் எல்லை எப்படி இருந்தது என்று பாருங்கள். குலதெய்வத்தின் பேரைக் கட்டாயம் கேளுங்கள். மாரியம்மனும் முருகனும் எல்லா ஊரிலும் இருப்பார்கள். ஆனால் பெரியண்ணசாமி மாதிரியான தெய்வம் ஒரு வட்டாரத்தையே விரல் நீட்டிக் காட்டும்.

ஐந்தாம் படி: நிலத்தின் காகிதம்

விவசாயியைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆள் பேரை அரசாங்கம் மறந்தாலும் வரிப் பேரை மறக்காது. 1792 முதல் பாராமகால், சேலம் பகுதிகளில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் தொடங்கிவைத்த ரயத்துவாரி முறையில், ஜமீன்தார் இல்லாமல் நேரடியாக விவசாயியிடமே வரி வாங்கினார்கள். அதற்காக நிலத்தை அளந்து, எண் போட்டு, யார் கிஸ்தி கட்டுகிறார் என்று எழுதினார்கள். சர்வே எண், பரப்பு, நஞ்சையா புஞ்சையா, பட்டாதாரர் பேர் எல்லாம் கிராமத்தின் அ-பதிவேட்டில் இருக்கும். இந்தக் கணக்குகளைக் கர்ணம் வைத்திருந்தார். 1980-இல் அந்தப் பதவி ஒழிக்கப்பட்டது. இப்போது கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கணும். நிலம் கைமாறியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகியிருக்கும். மாகாண அளவிலான பழைய ஆவணங்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம் நாட்டுப் பக்கத்துக்கு, தேசிய ஆவணக் காப்பகத்தின் கெடா, பெர்லிஸ் கிளை அலோர் ஸ்டாரில் இருக்கிறது.

டிசம்பரில் அப்பாவும் நானும் போனோம். நாமக்கல்லிலிருந்து பஸ். வழியெல்லாம் மரவள்ளியும் கோழிப்பண்ணையும். ஊர் டீக்கடையில் விஷயத்தைச் சொன்னதும், ஒரு பெரியவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் பங்காளி வகையறா ஒன்றிரண்டு வீடு இன்னும் அங்கே இருக்கிறது. ஆனால் காகிதம் இருந்தது வேறொரு குடும்பத்திடம்.

அந்தக் குடும்பத்தார் எங்களை உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. மலேசியாவிலிருந்து திடீரென்று இரண்டு பேர் வந்து, நூறு வருஷத்துக்கு முந்தின நிலத்தைப் பற்றிக் கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது? அப்பா எழுந்து கைகூப்பினார். "ஐயா, எங்களுக்கு நிலம் வேண்டாம். எங்க பாட்டனாரோட அப்பா பேரு வேணும். திதி கொடுக்கணும்" என்றார்.

அந்தப் பெரியவர் அப்பாவைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் துணியில் சுற்றிய ஒரு கட்டைக் கொண்டுவந்தார்.

அவர்கள் வைத்திருப்பது எங்கள் எள்ளுத்தாத்தா விற்ற நிலத்தின் மூலப்பத்திரம். குரோதன வருஷம் மாசி மாதம் என்று தேதி. குரோதன ஐம்பத்தொன்பதாவது ஆண்டு. பிரபவ 1867-உடன் 58 கூட்டினால் 1925. மாசி என்பதால் 1926 பிப்ரவரி அல்லது மார்ச். பக்கத்திலேயே ஆங்கிலத் தேதியும் இருந்தது. கணக்குச் சரி. எள்ளுத்தாத்தாவின் பேர் தமிழில், சந்தேகமே இல்லாமல். அவருடைய அப்பா பேரும் கூடவே. வயசு சுமார் ஐம்பது. தொழில் விவசாயம். விற்ற காரணம், முன் வாங்கிய கடன். கீழே கையெழுத்து இல்லை. இடது கைப் பெருவிரல் ரேகை.

அதற்கு முதல் நாள்தான் பங்காளி வீட்டுப் பாட்டி ஒருவர், "அவரு தாது வருஷத்துல கைக்குழந்தைனு எங்க மாமனார் சொல்லுவாரு" என்று சொல்லியிருந்தார். 1926-இல் ஐம்பது என்றால் பிறந்தது 1876. தாது! ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு அளவீடுகள் ஒரே விடையைக் கொடுத்தால் அதை நம்பலாம் என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் சொல்வார்கள். அப்பா அந்த ரேகையின் மேல் விரலை வைக்கப் போனார். வைக்கவில்லை. கொஞ்சம் மேலேயே நிறுத்திக்கொண்டார்.

காகிதம் சொன்ன உண்மை

எங்கள் வீட்டில் இன்னொரு கதை உண்டு. "ஊர்ல நமக்குப் பத்து ஏக்கர் பண்ணை. கங்காணி ஆசை காட்டிக் கூட்டிட்டு வந்துட்டான்." பத்திரத்தில் இருந்தது ஓர் ஏக்கர் நாற்பத்திரண்டு சென்ட் புஞ்சை. மழை வந்தால் சோளம், கம்பு. வராவிட்டால் கடன். அதையும் விற்றுவிட்டார். விற்ற அதே 1926-இல் பதினெட்டு வயசு மகன் கங்காணியோடு புறப்பட்டான்.

அந்த நேரம் மலாயாவில் எப்படி? 1925-இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். கப்பல் செலவைத் தோட்டங்கள் கட்டிய குடிநுழைவு நிதி ஏற்றுக்கொண்டது. ஆகவே டிக்கெட்டுக்காக அவர் நிலத்தை விற்கவில்லை. கடனுக்கு நிலம் போனது, பிழைப்புக்கு மகன் போனான். நாகப்பட்டினத்தில் முகாம், கப்பல், பினாங்கு ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல், அப்புறம் கெடா. கங்காணி ஆசை காட்டியிருக்கலாம். ஆனால் அவர் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் நிலம் இல்லை.

பத்து ஏக்கர் பண்ணை போனதில் அப்பாவுக்கு வருத்தமா என்று கேட்டேன். "இல்லடா. பொய்யான பத்து ஏக்கரை விட இது நம்மளுது" என்றார்.

இங்கே இரண்டு விஷயம் சொல்லணும். கெடாக்காரர்களான நமக்குப் பக்கத்திலேயே மெர்போக்கும் பூஜாங் பள்ளத்தாக்கும் இருக்கின்றன. புக்கிட் பத்து பஹாட் சண்டியைப் பார்த்தால் நெஞ்சு நிமிரும். ராஜேந்திர சோழன் கடாரத்தின் மேல் படையெடுத்தது 1025 வாக்கில். அது நம் பண்பாட்டுப் பெருமை, சந்தேகமில்லை. ஆனால் அதையே நம் குடும்ப வரலாறாக எழுதக்கூடாது. அந்தப் படையெடுப்புக்கும் என் கொள்ளுத்தாத்தா பினாங்கில் கால் வைத்ததற்கும் இடையில் 900 ஆண்டுகள். ராஜாவைத் தாத்தாவாக்கினால், கம்பங்கூழ் குடித்த நிஜத் தாத்தா மறுபடியும் மறைந்துபோவார்.

இரண்டாவது, சாதி. பழைய பத்திரத்தில் அது எழுதப்பட்டிருக்கும், மறைக்க முடியாது. ஆனால் நாம் தேடுவது பேரை, ஊரை, உழைப்பை. சாதிப் பெருமை பேசுவதற்கு இந்தத் தேடலைப் பயன்படுத்தினால் முன்னோருக்கே அவமானம். உங்கள் முன்னோர் சொந்த நிலம் இல்லாத குத்தகைக்காரராகவோ பண்ணையாளாகவோ இருந்தால் அ-பதிவேட்டில் பேர் கிடைக்காமல் போகலாம். அந்த நிலத்தை உழுதது அவர்தான். எழுதியவன் எழுதவில்லை என்பதற்காக அவர் இல்லாமல் போய்விடவில்லை. பட்டா இல்லாதவருக்குக் குலதெய்வக் கோவிலும், பங்காளிகளின் ஞாபகமும், இங்கே தோட்டத்துக் காகிதமும்தான் சாட்சி. அதனால்தான் பெரியவர்களிடம் கேட்பதை முதல் படியாக வைத்தேன்.

இந்த மாதப் பயிற்சி

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் இதைச் செய்து பாருங்கள்:

1. அப்பா வழியில் மூன்று, அம்மா வழியில் மூன்று தலைமுறைப் பேர்களை எழுதுங்கள். பெண்களின் பேரை விட்டுவிடாதீர்கள். தெரியாத இடத்தைக் காலியாகவே விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

2. குடும்பத்தில் மூத்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்யுங்கள். சாப்பாடு, திருவிழா, குலதெய்வம், லயத்து அண்டை வீடு, கங்காணி பேர் இவற்றிலிருந்து தொடங்குங்கள்.

3. பிஸ்கட் டின்னைத் திறந்து எல்லாக் காகிதத்தையும் இரு பக்கமும் படம் எடுங்கள். மூலத்தை எங்கேயும் கொடுத்துவிடாதீர்கள்.

4. தமிழ் ஆண்டு, மாதம் எங்கே கண்டாலும் ஆங்கில ஆண்டாக மாற்றிப் பக்கத்தில் எழுதுங்கள்.

5. ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் "யார் சொன்னது, எதில் பார்த்தது" என்று குறியுங்கள். ஒரே சாட்சி என்றால் பென்சிலில். இரண்டு சாட்சி ஒத்துப்போனால் பேனாவில்.

6. தோட்டம் இன்னும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். கோவில் கல்வெட்டில் உபயக்காரர் பேர் இருக்கலாம், சுடுகாட்டில் கல் இருக்கலாம். எங்கள் தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயம் இருந்த இடத்தில் இப்போது புல்தான். அடுத்த வருஷம் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

உறவினர்கள் கேட்டுக்கொண்டதால் எங்கள் ஊர்ப் பேரையும் முன்னோர் பேர்களையும் இங்கே எழுதவில்லை. அவை வீட்டுக்கு உரியவை.

இந்த வருஷம் ஆடி அமாவாசைக்கும் அதே கடற்கரைக்குப் போனோம். இந்தத் தடவை பாட்டியும் கூட வந்தார். மணலில் நடக்க முடியாது என்பதால் காரிலேயே கதவைத் திறந்து உட்கார்ந்திருந்தார். குருக்கள் கேட்டார். அப்பா முதல் பேர் சொன்னார். இரண்டாவது சொன்னார். மூன்றாவது பேரைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் சத்தமாக வந்தது. காரில் இருந்த பாட்டிக்கும் கேட்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

திரும்பி வந்தபோது பாட்டி ஒன்றுதான் கேட்டார்.

"எங்க தாத்தா பேரு அதுதானாய்யா?"